கதவுக்குக் கீழே கறள்

புத்தளம்
02.07.2024

பர்ஸானாவின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

உங்கள் நம்பரை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து அதையும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. போனில் நான் பேசுவேன், நீங்கள் மூச்சு விடுவீர்கள். கல்யாணம் முடித்த ஏழு வருஷமும் அந்த மூச்சைக் கேட்டாயிற்று. கடிதம் என்றால் வெறும் தாளை அனுப்ப முடியாது. ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் ஏன் எங்கள் உம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று ஊரில் நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆகவே நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். பிறகு ஆளுக்கொரு கதை வேண்டாம்.

மே மாதம் உங்கள் தங்கச்சி பர்ஸானாவின் பிள்ளைக்கு நாற்பது, பிறந்த நாற்பதாம் நாள் விருந்து. பெண்கள் சபையில் பிள்ளையை நான் தூக்கினேன். உங்கள் உம்மா வந்து என் கையிலிருந்து வாங்கினார். "புள்ள இல்லாத கை, இண்டைக்கு வேணாம் மகள்," என்றார். மகள் என்று சொன்னதுதான் இன்னும் எரிகிறது. இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கதவடியில் வட்டிலப்பக் கோப்பையோடு நின்றீர்கள். என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தீர்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கும்போது அலுமாரி லாச்சியில் விரித்திருந்த பழைய பேப்பரைத் தூக்கினேன். கீழே ஒரு ஆய்வுகூடத்தின் உறை. உங்கள் பெயர். 2020 பெப்ரவரி. அதை வாசிக்க என் ஆங்கிலம் போதும். பிள்ளை இல்லாததற்குக் குறை உங்களில். என்னில் ஒன்றுமில்லை என்று நாலு வருஷத்துக்கு முன்னமே உங்களுக்குத் தெரியும். இந்த நாலு வருஷமும் நான் குடித்த கசாயத்துக்கும் போட்ட ஊசிக்கும் ஓதி ஊதிய தண்ணீருக்கும் நீங்கள்தான் மோட்டார்சைக்கிளில் கூட்டிப் போனீர்கள். வெளியே வாங்குப் பலகையில் இருந்து காத்திருந்தீர்கள்.

குறைக்காக நான் வரவில்லை. அது அல்லாஹ் தந்தது. வெட்கத்தில் என்னிடம் மறைத்தீர்கள் என்றால்கூட ஒரு நாள் விளங்கிக்கொண்டிருப்பேன். உம்மா என்னைப் பேசும்போது கோப்பையைப் பார்த்தீர்களே, அதற்காக வந்தேன். எனக்குச் சொல்ல வேண்டியதை நான் வாசித்துவிட்டேன். இனி உங்கள் உம்மாவிடம் சொல்ல வேண்டும், அந்தப் பெண்கள் கேட்கச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் நான் மன்னார்ப் பாலம் தாண்ட மாட்டேன்.

வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு அது. பூட்டை உடைத்தால் தெரியும்.

நுஸ்ரியா


தோட்டவெளி
11.07.2024

நுஸ்ரியா,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை ஆறு தரம் வாசித்தேன். நீ எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

பூட்டை உடைக்கவில்லை. எனக்கு ஒரு கம்பியும் அரை நிமிஷமும் போதும், உனக்கும் தெரியும். கை வரவில்லை. இங்கே தோட்டவெளியில் என் கராஜிலேயே பாய் போட்டிருக்கிறேன். சாப்பாடு உம்மா வீட்டில். மத்தியான வெயிலுக்கு ஒதுங்க வருமே, காது கிழிந்த கழுதை, அது இப்போது என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது. அதன் இடத்தில் நான் படுத்துவிட்டேனாம்.

ஒரு வேலை வந்திருக்கிறது. நறுவிலிக்குளத்துச் சிவலட்சுமி ரீச்சர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பென்சன் எடுத்தவர், ஒரு எம்.ஜி. காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டே இருக்கை, துணிக் கூரை, பச்சை நிறம், 1967ஆம் ஆண்டுக் கார். புருஷன் இறந்த பிறகு வைக்கோல் கொட்டிலில் நின்றதாம். "பெயின்ற் மட்டும் அடிச்சுத் தாங்கோ தம்பி, மிச்சத்தை நான் ஓடிக் காட்டுறன்," என்றார். எழுபது வயது. என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே பின்னுக்கு எடுத்துக் கராஜுக்குள் விட்டார். ஒரு சாமானிலும் முட்டவில்லை.

மேலுக்கு ஒரு பொட்டுக் கறள் கிடையாது, துருப்பிடித்த அடையாளமே இல்லை. இந்த உப்புக் காற்றில் இப்படி ஒரு காரா என்று சந்தோஷப்பட்டேன். பிறகு வழக்கம்போலக் காந்தத்தை எடுத்துப் காரின் உடம்பு முழுக்க ஒட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். கதவுக்குக் கீழே நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடும், சில் என்போம். அதில் வைத்தால் காந்தம் விழுகிறது. மறுபக்கமும் அப்படியே. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஓட்டையை மறைத்துப் பூசிய வெறும் பட்டி மாவு. தகரக் கூரையில்லாத கார் நுஸ்ரியா, அதன் பாரம் முழுக்க அந்தப் பெட்டியில்தான் நிற்கிறது. அது உக்கிவிட்டால் கார் நடுவால் மடியும். இதற்கு மேலேயே பெயின்ற் அடித்துக் கொடுத்தால் ரீச்சருக்குத் தெரியப் போவதில்லை, ஒரு நாள் பாலத்தில் போகும்போது கதவு தானாகத் திறக்கும் வரைக்கும். வெட்டித்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ தெரியாது.

உம்மாவிடம் சொல்ல நேரம் பார்க்கிறேன். அவருக்குப் பிரஷர் கூடியிருக்கிறது.

மத்தியானம் சாப்பிட வரும்போது ஒழுங்கை முனையிலேயே உன் தையல் மெஷின் சத்தம் கேட்கும். இப்போதும் அந்த ஒழுங்கையால்தான் போகிறேன், ஒரு வேலையும் இல்லாமல். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

பைறூஸ்


புத்தளம்
20.07.2024

பர்ஸானாவின் நானாவுக்கு,

ஸலாம்.

மூன்று பக்கக் கடிதம். அதில் கார் இரண்டு பக்கம், கழுதை அரைப் பக்கம், உம்மா ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்ளும் பிரஷர். எனக்கு ஊசி போட்ட நாட்களில் என் பிரஷரை யார் பார்த்தார்கள்?

நேரம் பார்க்கிறேன் என்றால் என்ன? அது என்ன பெருநாள் பிறையா, மேகம் விலகினால் தெரிவதற்கு?

இன்னொன்று. கறள், பட்டி, வெட்டிப் பார்ப்பது என்று எழுதினால் நான் அதற்குள் வேறொன்றை விளங்கிக்கொண்டு உருகிப்போவேன் என்று நினைக்க வேண்டாம். நான் கார் இல்லை.

இங்கே என் நானாவின் பிள்ளைகளுக்கு ஸ்கூல் உடுப்புத் தைக்கிறேன். இரவல் மெஷின், மிதிக்க மிதிக்க முழங்கால் நோகிறது. கடல் இங்கேயும் இருக்கிறது. ஆனால் எருக்கலம்பிட்டியில் நம் வீட்டில் சோளகக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், அடுப்பை அணைக்கும், நான் அதை ஏசுவேன். இங்கே காற்று சன்னலோடு நின்றுவிடுகிறது. ஏச ஒன்றும் இல்லை. கோபமாக இருக்கும்போது ஊரை நினைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். மீன்காரன் கூப்பிடுகிறான், நம்முடைய ஊர் மீன்காரன் என்று எழும்பிவிடுகிறேன்.

அந்தக் கார் நறுவிலிக்குளத்துத் தம்பு ஐயாவின் காரா? ஆம் என்றால் கவனமாகத் திறவுங்கள்.

நுஸ்ரியா


தோட்டவெளி
09.08.2024

நுஸ்ரியா,

ஓம், தம்பு ஐயாவின் கார்தான். சிவலட்சுமி ரீச்சர் அவருடைய மனைவி. உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே வேலை செய்தேன். இப்போது விளங்கிவிட்டது.

முதலில் கதவு இடத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணினேன். பிடி கொடுக்காமல் வெட்டினால் கார் வளைந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சேராது. அதற்கே இரண்டு நாள். பிறகு வெட்டினேன்.

உள்ளே வெறும் கறள் கொட்டும் என்று நினைத்தேன். கொட்டியது தேங்காய்த் தும்பு. குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்து, வள்ளத்துப் பலகைக்கு நடுவில் நீர் வராமல் அடைப்பார்களே, அதே மாதிரி ஒரே நெருக்கமாக அடைத்திருக்கிறது. காருக்கு யாரப்பா இப்படிச் செய்தது என்று கீழே படுத்துப் பார்த்தேன். சில்லின் அடியில் பக்கத்துக்கு நாலாக எட்டு ஓட்டை இருக்கும். உள்ளே போகும் தண்ணீர் வழிந்து போவதற்குக் கார் செய்தவர்களே வைத்தது. எட்டிலும் பூவரசம் ஆப்பு. தலையைச் சீவி, வெள்ளைத் துணி சுற்றி, அடித்து இறுக்கியிருக்கிறது. ஒரு துணியைப் பிரித்தேன். ஓரத்தில் நீல நூலில் சின்னச் சின்னப் பூ.

அந்தத் தையலை நான் ஏழு வருஷமாக என் தலையணை உறையில் பார்த்தவன்.

உன் வாப்பா, நஸார் ஓடாவி, வள்ளம் கட்டிய மனிசன். ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் கை போகும். வேலை அவ்வளவு திறம், இத்தனை வருஷத்தில் ஒரு ஆப்பும் அசையவில்லை. அதுதான் பிழையாகப் போயிற்று. கதவு இடுக்கால் மேலிருந்து இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்போடு சேர்ந்து தகரத்தைத் தின்றிருக்கிறது. நல்ல தகரம் தெரியும் வரைக்கும் வெட்டிக்கொண்டு போகிறேன். இன்னும் தெரியவில்லை.

ரீச்சர் அடுத்த மாதம் பார்க்க வருகிறார். ஏன் இப்படி உக்கியது என்று கேட்பார். பழைய கார்தானே, கறள் தானாகப் பிடித்தது என்று சொல்லிவிடலாம். தும்பை எரித்துவிட்டால் ஒன்றும் மிச்சமில்லை. மாமாவின் பெயர் கெடாது. நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதாமல் விட்டால் நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

பைறூஸ்


புத்தளம்
30.08.2024

உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று கிழமை எடுத்துவிட்டேன். முதலில் "தும்பை எரித்துவிடுங்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று இரண்டே வரி எழுதி ஒட்டினேன். தபால் கந்தோர் வரைக்கும் போய் வரிசையிலும் நின்றேன். என் முறை வந்தபோது திரும்பி வந்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது, அப்போது எனக்குப் பதினெட்டு வயது. இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம். ஓலைத்தொடுவாய்க் கரையில் வாப்பாவின் கொட்டிலில் நாலு வள்ளத்துக்கு நடுவே அந்தப் பச்சைக் கார் நின்றது. கரைவலைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துப் பகிடி பண்ணினார்கள், ஓடாவி இனி இதற்குப் பாய்மரமும் வைக்கப் போகிறார் என்று. வாப்பா சிரிக்கவில்லை, மூன்று தரம் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். நல்ல பருத்தித் துணி கேட்டார். ஸ்கூல் முடிந்திருந்தது, நான் ஓரத்தில் பூத் தைத்திருந்த என் வெள்ளைப் பர்தாவைக் கிழித்துக் கொடுத்தேன். "இதைக் கடலில விட்டாலும் மிதக்கும் மகள்," என்றார். அந்த நாளில் இந்தத் தீவில் என் வாப்பாவைவிடக் கெட்டிக்காரர் ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஆறு வருஷம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்கள் "பிழை" என்று எழுதிய வரியை வாசித்து வாசித்துக் கோபப்பட்டேன். பிறகு பார்த்தால் பிழைதான்.

மூடிவைக்க ஒரு மனிசருக்கு எவ்வளவு ஆசை வரும் என்று எனக்கு இதற்கு முதல் தெரியாது. இதை எழுதுவதால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுக்க வேண்டாம். தெரிந்துகொண்டேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

ரீச்சரிடம் சொல்லுங்கள். வாப்பாவின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்பதை நானே செய்யாவிட்டால் பிறகு எந்த வாயால் கேட்பது?

துணியை எறிய வேண்டாம்.

நுஸ்ரியா


தோட்டவெளி
14.09.2024

நுஸ்ரியா,

ரீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

கதிரை போட்டு இருத்தி, ஆப்பு எட்டையும் தும்பையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டினேன். "ரீச்சர், இந்தக் கறளுக்குக் காரணம் என்ட மாமா. தண்ணி போற ஓட்டையள அடைச்சுப்போட்டார்," என்றேன். அவர் ஒரு ஆப்பை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ உன் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

"ஓடாவி தன்ர பாட்டில அடைக்கேல்லத் தம்பி. ஞாயிற்றுக்கிழமையில தலைமன்னார்ப் பக்கம் ஓடுவம், றோட்டில நிக்கிற தண்ணியெல்லாம் காலுக்கு அடிக்கும். இவர்தான் போய், 'ஒரு சொட்டும் உள்ள வரக்கூடாது ஓடாவி' எண்டு நிண்டவர். ஓடாவி கேட்டவர், நானும் பக்கத்தில நிண்டனான். 'ஐயா, இந்த ஓட்டையள் ஏதோ காரணத்துக்குத்தானே வச்சிருப்பினம், விட்டிடுவமே' எண்டு. இவர் கேக்கேல்ல. இவர் ஆர் சொல்லிக் கேட்டவர்? நானும் வாயைத் திறக்கேல்ல. எனக்கும் சீலை நனையிறது பிடிக்காது."

உன் வாப்பா கேட்டிருக்கிறார் நுஸ்ரியா. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தும்பை எரித்திருந்தால் இதை நாங்கள் ஒருநாளும் அறிந்திருக்க மாட்டோம்.

அந்தத் தைரியத்தில் அன்றைக்கே மத்தியானம் உம்மாவிடம் போனேன். சொல்வதென்றுதான் போனேன். கணவாய்க் கறி வைத்திருந்தார். நான் வாயெடுக்க முதல் அவர் தொடங்கிவிட்டார். "அவள் இனி வரமாட்டாள் மகன். ஒரு இடம் பாத்து வச்சிருக்கன், நல்ல புள்ள. உனக்கும் ஒரு புள்ள வேணாமா?" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "வேணாம் உம்மா" என்று மட்டும் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

நல்ல தகரம் தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் புதுப் பெட்டி மடித்து ஏற்றிவிட்டேன்.

பைறூஸ்


புத்தளம்
25.09.2024

உங்களுக்கு,

ஸலாம்.

அந்த நல்ல பிள்ளைக்கு எத்தனை வருஷம் கசாயம் கொடுப்பதாக உத்தேசம்?

வாப்பா பற்றி ரீச்சர் சொன்னதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். அந்தக் கடிதத்தை அவரே எடுத்து வைத்துக்கொண்டார். நல்ல வேளை, மிச்சப் பாதியை நான் மடித்துவிட்டேன், கணவாய்க் கறியை அவர் கேட்கவில்லை.

மூத்த நானா காதியாரிடம் போய் விவாகரத்து எடுத்து முடித்துவிடச் சொல்கிறார். ஒக்டோபர் முடியட்டும் என்றேன். ஏன் முடிய வேண்டும் என்று கேட்டார், நான் மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டேன்.

உங்களில் கோபம் குறையவில்லை. ஆனால் இப்போதெல்லாம் விடியும்போது பக்கத்தில் ஆள் இல்லை என்று பயந்து எழும்புவதில்லை. பழகிக்கொண்டு வருகிறேன் போல. கோபத்தைவிட அதற்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் முழுக்கப் பழகுவதற்கு முதல் ஏதாவது செய்யுங்கள்.

நுஸ்ரியா


தோட்டவெளி
13.10.2024

நுஸ்ரியா,

வியாழக்கிழமை சொல்லிவிட்டேன்.

வியாழன் பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு உம்மா வீட்டில் பெண்கள் யாசீன் ஓதக் கூடுவார்கள், உனக்குத் தெரியும். நாற்பதுக்கு வந்த அதே ஆட்கள்தான். ஆம்பிளை உள்ளே போக முடியாது. ஓதி முடியும் வரைக்கும் முற்றத்தில் நின்றேன். பிறகு வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உம்மா, எல்லாரும் இருக்கேக்க ஒரு கதை சொல்ல வேணும்," என்றேன்.

திரை நல்லது. முகம் தெரிந்திருந்தால் மறுபடியும் கோப்பையைத்தான் பார்த்திருப்பேன். "நுஸ்ரியாவில ஒரு குறையும் இல்ல. குறை என்னில. நாலு வருஷமா எனக்குத் தெரியும். அவளுக்கும் சொல்லேல்ல, உங்களுக்கும் சொல்லேல்ல. நாற்பது அண்டைக்கு உம்மா புள்ளைய வாங்கேக்கையும் தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான்." இவ்வளவுதான் சொன்னேன். இதை மனப்பாடமாக்க எனக்கு இரண்டு கிழமை போனது.

உம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எத்தின வருஷம் எண்டாய்?"

"நாலு."

"நான் அந்தப் புள்ளையப் பேசேக்க எல்லாம் நீ கேட்டுக்கொண்டு நிண்டனி."

"ஓம் உம்மா."

"அப்ப உன்ட பாவத்தில எனக்கும் பங்கு வச்சிட்டாய்," என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை, சாப்பாடும் வரவில்லை. கடையில் பாணும் பருப்பும் சாப்பிடுகிறேன்.

ஊருக்கே தெரிந்துவிட்டது. கராஜுக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, பிளேன்ரிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறார்கள். எனக்கு அது வேண்டும். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாலு மாதமாக யோசித்தேன், இந்த மூன்று நாளில்தான் தெரிந்தது.

நேற்று ரீச்சர் வந்து காரை எடுத்தார். ஆப்பு இல்லாமல் எட்டு ஓட்டையையும் திறந்தே விட்டேன். சாவியைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கொட்டியது முதல் மழை. துணிக் கூரையைப் போடுவோம் என்றேன். "வேண்டாம், நனையட்டும்," என்று தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பேசாலைப் பக்கம் ஓடிவிட்டு வந்தார். வந்து நிறுத்தியதும் நான் கீழே படுத்துப் பார்த்தேன். எட்டு ஓட்டையாலும் தண்ணீர் ஒழுகியது. முதலில் கலங்கல், பிறகு தெளிவு. ரீச்சர் நனைந்த சீலையோடு குனிந்து, "எல்லாம் போகுதா தம்பி?" என்றார். போகுது ரீச்சர் என்றேன். எழும்ப மனம் வரவில்லை, மழை விடும் வரைக்கும் அங்கேயே கிடந்தேன்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நான் கராஜிலேயே இருக்கிறேன். வீடு உன்னுடையது, உனக்காக என்றாலும் ஊருக்கு வா. நீ அந்த ஒழுங்கையில் இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குக் காணும்.

துணி எட்டையும் கழுவிக் காயவைத்து இதோடு அனுப்புகிறேன். நீலப் பூவில் சாயம் போகவில்லை.

பைறூஸ்


புத்தளம்
29.10.2024

பைறூஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பெயரை எழுதிவிட்டேன். எங்கள் உம்மா பார்த்தால் புருஷன் பெயரை எழுதுகிறாளே என்று பேசுவார், ஆகவே அவர் தொழும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை உங்கள் உம்மா இங்கே வந்தார். உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம் என்று பர்ஸானாவுக்குக் கட்டளை. ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில், பிரஷரோடு, பர்ஸானாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெண்களையும் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடவில்லை, அவர்களே வந்துவிட்டார்கள். இது புத்தளம்.

தேத்தண்ணி குடிக்கவில்லை. மகள் என்று சொல்லவில்லை. "நுஸ்ரியா, கொட்டினத அள்ளேலாது. நான் அவ்வளவு பேருக்கு முன்னால கொட்டினன்," என்றார். பிறகு பர்ஸானாவிடமிருந்து பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை என்னைப் பார்த்தது, என் மூக்கைப் பிடித்தது, என் சட்டை முழுக்க நனைத்தது. நான் அழுதேன். உங்கள் உம்மாவும் அழுதார். ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கவில்லை. அதற்கு நாள் இருக்கிறது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போகும்போது, "அவனுக்கு நான் சோறு குடுக்கேல்ல, நீ வந்து குடுக்கிறது எண்டால் குடு," என்றார்.

பிள்ளை விஷயம் பிறகு பேசுவோம். அந்த உறையை இரண்டு பேருமாக ஒரு டொக்டரிடம் கொண்டு போவோம். இந்த முறை வாங்கில் நான் இருக்கிறேன், நீங்கள் உள்ளே போங்கள்.

உங்களில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எவ்வளவு என்று நானே வெட்டிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். பார்த்தீர்களா, என்னையும் இப்படி எழுத வைத்துவிட்டீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பாலத்தடிக்கு வர வேண்டாம், நான் தனியாகத்தான் பாலம் தாண்ட வேண்டும். வீட்டு வாசலில் நில்லுங்கள். நாலு மாதத்து உப்புக் காற்றில் பூட்டுக்குள் கறள் பிடித்து இறுகியிருக்கும். எனக்கு முதல் போய்த் திறந்து வைக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். நீங்கள் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டு வாருங்கள், நான் சாவியைக் கொண்டு வருகிறேன். திறக்கிறதா என்று பார்ப்போம்.

நுஸ்ரியா